சிவப்பு மீட்டரில் ஒரு பொட்டு

ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்கும் மனிதர், எந்தக் கணத்தில் அதை நம்பத் தொடங்குகிறார்? பிரேமலாவின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. அவரிடம் போய்க் கேட்டால், "வேலை கெடக்கு, இதெல்லாம் யோசிக்க நேரம் ஏது?" என்பார். ஆனாலும் அந்தக் கேள்வி இரண்டு முறை அவர் முன்னால் வந்து நின்றது. முதல் முறை தண்ணீராக வந்தது.

அப்போது அவர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் என்ற ஊரில் இருந்தார். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு, ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வாடகை வீடு. ஆண்டுக் கடைசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி இரண்டு தடவை வந்து எச்சரித்துவிட்டுப் போனது. முந்தைய வெள்ளத்தின் கறை இன்னும் சமையலறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் மணியம் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதும் திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தார். பிரேமலா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகக் குமிழியிட்டு வந்தது.

குழந்தையைத் தவிர அன்றைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டு போனது அதிகமில்லை. வெள்ளத்தில் போனதைப் பற்றிப் பிரேமலா பெரிதாகப் பேசுவதுமில்லை. அவரைக் குடைந்தது வேறு. "தண்ணி வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தேன்" என்று இன்றைக்கும் சொல்வார். அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

வெள்ளத்துக்குப் பிறகு குடும்பம் அதே மாநிலத்தில் தெற்கே இருக்கும் செனாய்க்கு வந்தது. மணியத்துக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. குளிர்சாதன அறைகளுக்குக் கதவும் சுவர்ப் பலகையும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரேமலா சேர்ந்தார். இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பினால் பலகை தயார். அந்த நுரையைப் பீய்ச்சும் இயந்திரம்தான் பல ஆண்டுகள் அவருடைய இடமாக இருந்தது.

இயந்திரத்தின் சங்கதி இதுதான். இரண்டு டிரம்களில் இரண்டு திரவங்கள். ஒன்று பழுப்பு நிறம். அதன் குழாய் சிவப்பு. மற்றதன் குழாய் நீலம். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் எண்ணெய் போலச் சும்மா கிடக்கும். துப்பாக்கி போன்ற முனையில் இரண்டும் ஒன்றையொன்று மோதிக் கலக்கும்போது பொங்கி, நுரைத்து, நிமிடங்களில் கட்டையாக இறுகிவிடும். அப்படி மோத வைக்க வேண்டுமானால் கார் டயரில் இருப்பதைப் போல ஐம்பது மடங்கு அழுத்தம் வேண்டும். பம்ப்பை நிறுத்தினாலும் அந்த அழுத்தம் போய்விடாது. வால்வைத் திறந்து இறக்கும்வரை குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் செத்த பாம்பு போலத் தெரியும். உள்ளே இருப்பதைச் சொல்ல இரண்டு மீட்டர்கள் மட்டும்தான். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று.

பிரேமலா அந்த மீட்டர்களைப் பார்க்காமல் எதையும் தொட்டதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்தினாலும் வால்வுகள் இரண்டையும் திறந்து, முள் இரண்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை நிற்பார். துப்பாக்கியின் விசையைப் பூட்டுவார். கூட வேலை செய்கிறவர்கள் பசியோடு காத்திருப்பார்கள். "மீட்டர் அக்கா" என்று பெயர் வைத்தார்கள். பலகை அடுக்கும் செல்வா, "எக்கா, பூஜ்யம் வந்துருச்சு, கும்புட்டு வாங்க" என்று கத்துவார். பிரேமலா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இதை ஒழுக்கம் என்று புகழ அவசரப்படத் தேவையில்லை. வெங்காயம் நறுக்கிய அந்த மாலை திரும்பவும் வந்துவிடக் கூடாது என்ற பயமாகவும் இருக்கலாம். பயமும் சில நேரம் நல்ல வேலை செய்கிறது.

இயந்திரம் விற்ற நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார். தொழிற்சாலை மேலாளர் மெய்யப்பன் முதல் வரிசையில் இருந்தார். இயந்திரம் பழுதுபார்க்கும் சுகுமாறன் பிரேமலாவுக்குப் பக்கத்தில். பயிற்சியாளர் ஒரு கையின் படத்தைத் திரையில் காட்டினார். முதல் படத்தில் விரலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. அடுத்த படத்தில் அதே கை, சில நாட்களுக்குப் பிறகு. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அழுத்தத்தோடு பீய்ச்சும் திரவம் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் முதலில் இருக்காது, உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும், சில மணி நேரத்துக்குள் அறுத்துக் கழுவ வேண்டும் என்றார். "அலமாக், படத்தைக் காட்டி பசியக் கெடுத்துட்டாரு" என்று சுகுமாறன் முணுமுணுத்தார். அப்புறம் எல்லோரும் போய் நாசி லெமாக் சோறு சாப்பிட்டார்கள். பிரேமலாவும்தான்.

சுகுமாறன் கெட்டிக்காரர். எந்த இயந்திரத்தையும் காதால் கேட்டே குறை சொல்வார். கலகலப்பானவர், பக்தியும் உண்டு. ஆண்டுதோறும் தொழிற்சாலையில் ஆயுத பூஜையை முன்னின்று நடத்துவது அவர்தான். அந்த ஆண்டும் மதியமே தொடங்கிவிட்டார். ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, வெட்டும் மேசைக்கு எலுமிச்சம்பழம். நுரை பீய்ச்சும் ஃபோம் இயந்திரத்துக்கு வந்தபோது பிரேமலா இன்னும் அதை மூடிக்கொண்டிருந்தார்.

"எக்கா, கொஞ்சம் நகருங்க. இவளுக்கு அலங்காரம் பண்ணணும்."

"இரு சுகு, இறக்கிட்டு வரேன்."

"நீங்க இறக்குங்க, நான் பாட்டுக்கு வைக்கிறேன்."

பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு மீட்டர்களும் இரண்டு முகம் போலத்தான் இருக்கும். சுகுமாறன் சந்தனத்தைக் குழைத்துச் சிவப்பு மீட்டரின் கண்ணாடியில் அப்பினார். அதன் நடுவில் குங்குமம் வைத்தார்.

"டேய், இது பொட்டா, தோசையா?" என்றார் செல்வா.

"பொட்டுன்னா தூரத்துலேர்ந்து தெரியணும்டா. இவதான் மூத்தவ."

நீல மீட்டருக்குப் போவதற்குள் சந்தனம் தீர்ந்துவிட்டது. அதற்கு ஒரு துளி குங்குமம் மட்டும்.

பிரேமலா வால்வுகளைத் திறந்தார். நீல முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. சிவப்புப் பக்க வால்வு பாதியில் இறுகியது. அந்தத் திரவத்தில் ஈரக்காற்று பட்டால் உப்புப் பொரிந்தது போலக் கட்டியாகும். அது வால்வில் அடைத்திருந்தது. முழுக்கத் திறந்துவிட்டதாக அவர் நினைத்தார். முள்ளைப் பார்க்கக் கண்ணாடியைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அந்த நேரத்தில் செல்வா, "எக்கா வாங்க, சூடம் ஏத்தியாச்சு!" என்று கூப்பிட்டார். சூடம் எரிகிறபோது, ஈரம் காயாத பொட்டை அழிப்பதா? கையை இறக்கிக்கொண்டார். கும்பிட்டார். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டார். பூஜை போட்ட இயந்திரத்தை அன்றைக்கு மறுபடி தொடுவதில்லை என்பது அங்கே வழக்கம். யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை சுகுமாறன் சீக்கிரம் வந்தார். சிவப்புக் குழாயும் துப்பாக்கியும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. வேலை தொடங்குமுன் மாற்றிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தார். பொட்டு காய்ந்து மீட்டரோடு ஒட்டியிருந்தது.

"செல்வா, நேத்து அக்கா இறக்கிட்டுத்தானே போனாங்க?"

"யாரு, மீட்டர் அக்காவா? அவுங்க இறக்காம வீட்டுக்குப் போவாங்களா?"

சுகுமாறன் நீல மீட்டரைப் பார்த்தார். பூஜ்யம். போதுமென்று நினைத்தார்.

இதில் நின்று யோசிக்க ஒன்று இருக்கிறது. பிரேமலா அலட்சியமானவர் என்று பெயர் வாங்கியிருந்தால், அன்றைக்குச் சுகுமாறன் பொட்டைத் துடைத்துப் பார்த்திருப்பார். அத்தனை ஆண்டு கவனம், மற்றவர்கள் கவனிக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமாகிவிட்டது.

பிரேமலா கைப்பையை மாட்டிவிட்டு உள்ளே வந்தபோது சீறல் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான், நாக்கால் பல்லை உறிஞ்சுவது போல. சுகுமாறன் இடது கையால் இணைப்பைப் பிடித்தபடி, வலது கை ஸ்பேனரோடு நின்றார். "ச்சே" என்று கையை உதறினார்.

பிரேமலா முதலில் அவரிடம் போகவில்லை. "எல்லாரும் தள்ளுங்க" என்றார். கட்டைவிரலால் பொட்டை அழுத்தித் துடைத்தார். முள் பாதிக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார், இறுகியிருந்தது விட்டுக்கொடுத்தது. முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பார்த்தார். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

"கையக் காட்டு."

"ஒண்ணும் இல்லக்கா."

"கையுறையக் கழட்டு சுகு."

ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு புள்ளி. அதில் ரத்தம்கூட இல்லை. பழுப்பாக ஒரு சொட்டு.

செல்வா எட்டிப் பார்த்தார். "கொசுக்கடி லா. ஆம்புலன்ஸ் கூப்புடுங்க, கொசு கடிச்சு ஆள் போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். சுகுமாறனும் சிரித்தார். "வலிக்கவே இல்லக்கா. ஒரு பிளாஸ்டர் போட்டா முடிஞ்சுது. நேத்து சுண்டல் மிச்சம் இருக்கா?"

பிரேமலா அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கினார். "சுண்டலும் வேணாம், ஒரு வாய் தண்ணியும் வேணாம். ஆப்பரேஷன்னா வயிறு காலியா இருக்கணும். நட."

"ஆப்பரேஷனா? எக்கா, கைய விடுங்க, ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அப்படியே மெய்யப்பனின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். போகும் வழியில் சிவப்புக் குழாயின் டிரம்மில், திரவத்தின் பெயரோடு ஒட்டியிருந்த தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். மெய்யப்பன் விரலைப் பார்த்தார். கம்பெனியில் ஒரு நடைமுறை உண்டு; காயம் பட்டால் முதலில் செனாய் டவுனில் உள்ள கிளினிக்.

"முதல்ல கிளினிக் போகட்டும் பிரேமலா. அவுங்க எழுதிக் கொடுத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்."

"கிளினிக்ல ஒரு ஊசி போட்டு, லீவு எடுக்க எம்சி குடுப்பாங்க சார். இவன் எம்சிய வாங்கிக்கிட்டு வீட்டுல போய்ப் படுத்துக்குவான். வலி வர்றப்ப விரலு இருக்காது."

"கொஞ்சம் பதட்டப்படாம..."

"நான் பதட்டப்படல சார். அன்னைக்கு அந்தப் படத்த நீங்களும்தானே பாத்தீங்க? நீங்க முன்னால உக்காந்திருந்தீங்க. இவன் எம் பக்கத்துல இருந்தான். எல்லாரும் பாத்தோம்."

மெய்யப்பன் மறுபடி அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார். "ஜேபி ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். நானே ஓட்டுறேன்."

ஜேபி என்கிற ஜொகூர் பாருவுக்குப் போகும் சாலை காலை நேரத்தில் எப்படி இருக்கும் என்பது அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். வண்டிகள் ஊர்ந்தன. பின் இருக்கையில் பிரேமலா சுகுமாறனின் கையை விடாமல் தூக்கிப் பிடித்திருந்தார். "வாத்தியார் கேள்வி கேட்ட மாதிரி இருக்குக்கா" என்று சுகுமாறன் கேலி செய்தார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்கும் சுகுமாறன் ஒரு நகைச்சுவை சொன்னார். கூலாய் பக்கமிருந்து வரும் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது அவர் பேச்சு குறைந்தது.

"எக்கா."

"என்னா?"

"விரலு மரத்துப் போன மாதிரி இருக்கு."

பிரேமலா பார்த்தார். விரல் வெளுத்து, தோல் இழுத்துக்கட்டியது போலப் பளபளத்தது. சுகுமாறனும் பார்த்தார். அதற்குப் பிறகு கையைத் தூக்கிப் பிடிக்க யாரும் தேவைப்படவில்லை. அவரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் கூட்டம். நுழைவில் இருந்த தாதி புள்ளியைப் பார்த்தார். சாதாரணக் காயம் என்று பச்சைப் பகுதிக்குச் சீட்டுக் கொடுத்தார். பச்சை என்றால் மத்தியானம்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பிரேமலா சீட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "இனி புக்கான் லுக்கா கெச்சில், மிஸ்ஸி" என்று மலாயில் சொன்னார்; இது சின்னக் காயம் இல்லை என்று. தாதி அடுத்தவரைக் கூப்பிட்டார். பிரேமலா நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மெய்யப்பன் சங்கடத்தோடு அவர் தோளருகே வந்து நின்றார். ஆனால் போகலாம் என்று சொல்லவில்லை. பிரேமலா அதே வாக்கியத்தைக் குரலை உயர்த்தாமல் மறுபடி சொன்னார். பிறகு, எந்தத் திரவம், எவ்வளவு அழுத்தம், எப்போது என்று சொல்லிக் கைப்பேசிப் படத்தை நீட்டினார்.

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த மருத்துவர், ஒரு மலாய்ப் பெண், அழுத்தம் என்ற சொல்லுக்கே தலை நிமிர்ந்தார். விரலை அமுக்காமல் திருப்பிப் பார்த்தார். "ஏதாவது சாப்பிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் கை அறுவை மருத்துவரைக் கூப்பிடச் சொல்லித் தாதியை அனுப்பினார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது.

சுகுமாறனின் மனைவி ரூபினி வந்தபோது கணவரை உள்ளே கொண்டுபோகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அவர் விரலைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். அப்புறம் பிரேமலாவைப் பார்த்தார்.

"இந்த ஓட்டைக்கா விரலு நெடுக அறுக்கப் போறாங்க? யாரு சொன்னா? நீங்களா?"

"ஆமா."

"உங்க மெசின்தானே அது? நீங்கதானே பாத்துக்கணும்?"

"ஆமா."

ரூபினி எதிர்பார்த்தது மறுப்பு. கிடைக்காததால் அழுதார். சுகுமாறன்தான், "ரூபி, கையெழுத்து போட்டுட்டேன். அக்காவத் திட்டாத. எனக்கும் தெரியும்" என்றார். அவருக்கு அது எப்போதிலிருந்து தெரியும் என்பதை யாரும் கேட்கவில்லை.

விரலை நெடுகத் திறந்து கழுவினார்கள். அதற்குள்ளேயே திரவம் உள்ளங்கை வரை போயிருந்தது. மறுபடி ஒரு முறை திறக்க வேண்டியிருந்தது. விரல் பிழைத்தது. நுனி மூட்டு மடங்காது, குளிரில் வலிக்கும். மாலைவரை விட்டிருந்தால் விரலோடு போயிருக்காது, கையையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று மருத்துவர் மெய்யப்பனிடம் சொன்னார்.

தொழிற்சாலையில் விசாரணை நடந்தது. முந்தைய நாள் என்ன நடந்தது என்று பிரேமலாவைக் கேட்டார்கள். "வால்வு சிக்கிருச்சு. பொட்டு மீட்டர மறைச்சுச்சு. துடைக்கக் கையத் தூக்கினேன், துடைக்கல. பூஜ்யத்தப் பாக்காமப் போயிட்டேன்" என்றார். சூடத்தைப் பற்றியோ, யார் கூப்பிட்டார்கள் என்பதைப் பற்றியோ அவர் சொல்லவில்லை. செல்வாதான் தானாக வந்து சொன்னார். பூஜையே வேண்டாம் என்று மேலிடத்தில் ஒரு பேச்சு வந்தது. பொட்டை இயந்திரத்தின் காலில் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று பிரேமலா சொன்னதோடு அது முடிந்தது. வேலை தொடங்குமுன் தொடுகிறவர் யாரோ அவரே இரண்டு மீட்டரையும் பார்க்க வேண்டும், இன்னொருவர் சொல் செல்லாது என்று புதிய விதி வந்தது. எல்லோருக்கும் அது முன்பே தெரிந்த விதிதான்.

அடுத்த சில மாதங்கள் பிரேமலா அதே இயந்திரத்தில் நின்றார். செல்வா கேலி செய்வதை நிறுத்தியிருந்தார். மீட்டர் அக்கா என்றும் யாரும் கூப்பிடவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் முள்ளைப் பார்த்து நிற்க, மற்றவர்கள் அவரை மட்டும் பார்த்துவிட்டு, நம்பிக்கையோடு நடந்து போனார்கள். முன்பைவிட அதிக நம்பிக்கையோடு.

சுகுமாறன் திரும்பி வருகிற வாரத்தில் அவரை ஸ்டோரில் உட்கார வைப்பதென்று முடிவாகியிருந்தது. லேசான வேலை, ஏர்கோன் அறை. வலது கை நன்றாகவே இருந்தாலும், யாருக்கும் மறுபடி அவரை ஆபத்தில் நிறுத்த மனமில்லை. பிரேமலா மெய்யப்பனின் அறைக்குப் போனார்.

"ஃபோம் மெசின சுகுவுக்குக் குடுங்க சார்."

மெய்யப்பன் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தார். "உங்களுக்கு உதவியாவா?"

"இல்ல. என் எடத்துல. நான் பலகை ஓரம் வெட்டுற மேசைக்குப் போறேன்."

"அவர் கையப் பாத்தீங்கல்ல? உங்களவிடத் தெரிஞ்ச ஆள் யாரு இருக்கா அந்த மெசினுக்கு?"

"குடுங்க சார்."

"ஏன்னு சொல்லுங்க."

பிரேமலா நின்றுகொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்காமல் நின்ற அதே நிற்றல் அது என்பது மெய்யப்பனுக்குப் புரிந்தது. சுகுமாறனைக் கூப்பிட்டுக் கேட்டார். சுகுமாறன் தன் விரலைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ரூபினி தொலைபேசியில் பிரேமலாவைத் திட்டினார். மணியமும் வீட்டில் கேட்டார். பயமா, குற்ற உணர்ச்சியா, அலுப்பா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரேமலா வெட்டும் மேசைக்கான காதடைப்பானை ஸ்டோரிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் நாள் சாப்பாட்டு மணி அடித்தது. சுகுமாறன் பம்ப்பை நிறுத்தினார். வால்வுகளைத் திறந்தார். நீல மீட்டரைப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். மடங்காத விரலால் கண்ணாடியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். வரிசையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"டேய், போதும்டா, பசிக்குது!" என்று செல்வா கத்தினார்.

"பசிச்சா நீ வந்து பாரு. வா. இந்த முள்ளு எங்க நிக்குதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

செல்வா முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பார்த்தார்.

தொழிற்சாலையின் மறுகோடியில், வெட்டும் மேசையில், பிரேமலா அந்தப் பக்கம் திரும்பவில்லை. காதடைப்பானைச் சரிசெய்துகொண்டு அடுத்த பலகையை இழுத்தார்.